மூன்று தொப்பியும் நைனா கேசரியும்

என்னைப் பெண் பார்க்க வந்தவர் இரண்டு முறை வந்தும் என்னைப் பார்க்கவில்லை. கேசரியைத்தான் பார்த்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் ஆந்திரப் புத்தூரில் எங்கள் வீட்டில் கேசரி இருந்தது, பஜ்ஜி இருந்தது, என் அப்பா, நைனா, புதுச் சட்டையில் இருந்தார். பெண் மட்டும் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் மீட்டிங்கில் இருந்தாள்.

"இன்னாமே இது? பொண்ணு இருக்குதா இல்லியான்னே அவங்களுக்கு டவுட் வந்துடுச்சி. மூணாவது வாட்டியும் நீ இல்லன்னா வேற எடம் பாத்துக்கினு பூடுவாங்க," என்றார் நைனா.

மாப்பிள்ளையோடு போனில் நாலைந்து முறை பேசியிருந்தேன். சித்தூரில் மாங்கூழ் ஆலையில் வேலை. நான் கோபப்பட்டால் சிரிக்கிறவர். என் கோபத்தைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தகுதி என்று புரியும். அவரை விட எனக்கு மனமில்லை.

எங்கள் கம்பெனியில் மிக்ஸி ஜாருக்கு மூடி செய்கிறோம். ஒரு மூடிக்கு இத்தனை அலப்பறையா என்று கேட்காதீர்கள், நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றும் தெரியும் என்ற பாவத்துக்காக என்னை மூன்று டீமில் போட்டிருந்தார்கள். நீலத் தொப்பி தரம் பார்க்கிற டீம். மூடி சரியில்லை என்றால் லாரியை நிறுத்த வேண்டும். மஞ்சள் தொப்பி அனுப்புகிற டீம். லாரி ஏன் நிற்கிறது என்று கத்த வேண்டும். பச்சைத் தொப்பி முன்னேற்ற டீம். மற்ற இரண்டுக்கும் நடுவே ஏன் தாமதம் என்று விசாரிக்க வேண்டும். எந்த டீம் வேலையோ அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் பேச வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம்.

ஒருநாள் காலையில் நீலத் தொப்பியோடு போனேன். மூடிகள் லொடலொடவென்று இருந்தன, லாரியை நிறுத்தினேன். சாப்பிட்டு வந்து மஞ்சள் தொப்பியைப் போட்டுக்கொண்டு, 'லாரியை உடனே விடவும்' என்று தர டீமுக்குக் காரமாக ஒரு மெயில் அனுப்பினேன். அதைப் பிரித்துப் பதில் போட வேண்டிய ஆளும் நான்தான். ஆனால் அந்த நேரத்தில் நான் பச்சைத் தொப்பியோடு, மெயிலுக்கு யாரும் ஏன் பதில் போடுவதில்லை என்ற மீட்டிங்கில் மாட்டிக்கொண்டிருந்தேன். லாரி அன்றைக்குக் கேட்டைத் தாண்டவில்லை.

மறுநாள் மூன்று டீம் லீடர்களும் மேனேஜர் அறையில் முட்டிக்கொண்டார்கள். "உன் ஆளு தூங்கிட்டான்", "உன் ஆளுதான் தூங்கிட்டான்" என்று ஒரே இரைச்சல். அந்த ஆள் யார் என்று ஒருவர் கேட்க வேண்டுமே! நான் வாயைத் திறந்தேன். தலையில் இருந்தது பச்சைத் தொப்பி. "நீ விசாரிக்கிற டீம்மா, குறுக்க பேசாத," என்று என் வாயை அடைத்துவிட்டார்கள்.

மேனேஜர் சித்தூர்க்காரர். எங்கள் பக்கத்தில் வழக்குத் தீராவிட்டால் காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்யக் கூப்பிடுவார்கள். அங்கே பொய் சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது. "ஆதிவாரம் காணிப்பாக்கம் பதண்டி! ஞாயித்துக்கிழமை எல்லாரும் கெளம்புங்க, சம்பந்தப்பட்டவங்க சாமி முன்னால சொல்லட்டும்," என்று மேஜையைத் தட்டினார். அவர் எரிச்சலில் சொன்னதை முன்னேற்ற டீம் முடிவாக எடுத்துக்கொண்டு வேன் பிடித்துவிட்டது. தங்கள் டீம் ஆள் என்று என்னை வரச் சொல்லி மூன்று லீடர்களும் தனித்தனியாக எனக்குப் போன் செய்தார்கள். மூன்று பேருக்கும் வருகிறேன் என்றேன்.

அந்த ஞாயிறுதான் மூன்றாவது பெண் பார்க்கும் நாள். விடுவேனா? "அவங்கள காணிப்பாக்கத்துக்கு வரச் சொல்லு நைனா. கோயில்ல பொண்ணு பாக்கறது வழக்கம்தானே, அவங்களுக்கும் கிட்ட," என்றேன்.

வேனில் பட்டுப் புடவையோடும் மல்லிகைப் பூவோடும் ஏறினேன். காணிப்பாக்கத்தில் இறங்கியதும் லீடர்கள் ஒருவரையொருவர், "உன் ஆளு எங்கய்யா?" என்று கேட்டார்கள். மூன்று கைகளும் என்னை நோக்கி நீண்டன. ஒருவர் வேனுக்குள் குனிந்து சீட்டுக்கு அடியில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

சத்தியம் செய்யும் முறைப்படி குளத்தில் முழுகினேன். புடவை சொட்டச் சொட்டச் சன்னதி முன்னால் வந்து நின்றபோது, நைனாவும் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் எதிரே நின்றிருந்தார்கள். ஆனது ஆகட்டும் என்று கற்பூரத்தின் முன் கையை நீட்டினேன்.

"லாரியை நிறுத்தினது நான், சத்தியம்! லாரிய உடனே விடுன்னு மெயில் போட்டது நான், சத்தியம்! அதுக்கு பதில் போடாததும் நான்! ஏன் போடலன்னு விசாரிச்சிகினு இருந்ததும் நான்தான், சத்தியம்!"

வரிசையில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா திறந்த வாயை மூடவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. போச்சு, இந்தச் சம்பந்தமும் போச்சு என்றே நினைத்தேன்.

மாப்பிள்ளை பக்கத்தில் வந்தார். "ஒண்ணு கேக்கணும். ரெண்டு வாட்டியும் உங்க வீட்ல கேசரி சாப்ட்டேன். அதுவும் நீங்க செஞ்சதுதானா?"

"இல்ல. நைனா செஞ்சது."

"சாமி முன்னால சொல்றீங்க."

"சத்தியமா நைனாதான்."

"அப்பாடா," என்று பெருமூச்சு விட்டார். "அந்த ஒரு வேலையாச்சும் உங்க தலையில இல்லியே."

அப்போதுதான் அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். போனில் கேட்ட அதே சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையார் பக்கம் திரும்பி இன்னொரு சத்தியமும் செய்தேன். "திங்கக்கிழமை ரெண்டு தொப்பிய திருப்பிக் குடுத்துடுவேன்."

பின்னாலிருந்து மூன்று லீடர்களும் ஒரே குரலில் கேட்டார்கள்: "எந்த ரெண்டு?"