எலுமிச்சைப் புட்டியைத் திறக்கும் முன்னே

ஆராய்ச்சிக்கூடத்தில் தேனீக்களைப் பழக்குகிற மனிதரை எல்லோரும் 'பூட்டு' என்றுதான் சொல்வார்கள். சாப்பாட்டு டப்பாவுக்குக்கூடப் பூட்டுப் போடுகிற சந்தேகப் பிராணி. சின்னக் குழாயில் தலை மட்டும் வெளியே தெரிய அடைத்த தேனீயின் மேல் எலுமிச்சை வாசனையை ஊதி, உடனே சர்க்கரைத் தண்ணீர் ஊட்டுவார். நாலைந்து தடவை பழகிவிட்டால், வாசனை வந்தாலே தேனீ நாக்கை நீட்டிவிடும்.

அன்று காலை அவர் எலுமிச்சைப் புட்டியைத் தொடவேயில்லை. பக்கத்தில் போய் நின்றதுமே இருபது தேனீயும் நாக்கை நீட்டின.

"யாரோ திருட்டுத்தனமா ஊட்டியிருக்காங்க. ஏம்மா, நீதானே?" என்று கூட்டிக்கொண்டிருந்த அம்மாளைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு வேற வேலையில்லையா?" என்று அவள் விளக்குமாற்றோடு தேனீக்களிடம் போனாள். ஒன்றும் அசையவில்லை. அவர் போனார். இருபது நாக்கும் நீண்டன.

"மூணு நாளா தலைவலின்னு நெத்தி நிறைய தைலம் பூசிக்கிட்டுத்தானே ஊட்டுறீங்க? அந்த வாசனை வந்தா சாப்பாடு வரும்னு கத்துக்கிச்சுங்க, சார்."

அவர் சட்டைப்பையிலிருந்து தைலப் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முகம் கறுத்தது.

"பாதிதான் இருக்கு. மீதியை எவன் பூசிக்கிட்டு இங்க வந்தான்?"