முதல் முறை மேஜருடையது

கோட்லீப் ஹேகலேயைப் பற்றி எங்கள் ஊரில் இப்போது ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பாதிப் பேருக்கு அவன் புனிதன், மீதிப் பேருக்குத் துரோகி. இரண்டு கூட்டமும் கொஞ்சம் வாயை மூடட்டும். அவனோடு ஒரே பள்ளிக்கூடத்தில் மூக்கொழுகி உட்கார்ந்திருந்தவள் நான். அவன் உடைத்த என் சிலேட்டுக்கே இன்னும் பதில் வரவில்லை.

தச்சர் மகன். முதல் உலக யுத்தம் வந்ததும் எங்கள் பள்ளத்தாக்குப் பையன்களோடு பட்டாளத்துக்குப் போனான். அதிகாரிகள் விழ விழ, நாலு எழுத்துப் படித்தவன் என்று இவனை லெப்டினன்ட் ஆக்கினார்கள். ஃபிளாண்டர்ஸ் போர்முனையில் ஒரு கிராமத்தைக் கடைசி ஆள் இருக்கும்வரை விடக்கூடாது என்று உத்தரவு. இவனும் விடவில்லை. ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை. மறுநாளே அந்தக் கிராமம் தேவையில்லை, திரும்பி வா என்று மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. என் அண்ணன் ஆல்பர்ட் அங்கேதான் புதைந்து கிடக்கிறான். கோட்லீப் ஊர் திரும்பியபோது நான் அவன் முகத்தில் விழிக்கவே இல்லை.

தோற்ற நாட்டுக்குப் பட்டாளம் எதற்கு? அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சைக்கிளில் ஊர் ஊராகப் போய்த் தையல் மெஷின் விற்றான். பிறகு புது ஆட்சி வந்தது, புதுப் பட்டாளம் வந்தது, கேப்டன் உடுப்போடு அவனைக் கூப்பிட்டார்கள். சந்தோஷமாகத்தான் போனான், நான் பொய் சொல்ல மாட்டேன். பூட்ஸில் முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளப்பு. இரண்டாம் யுத்தத்தில் ரஷ்யாவுக்குப் போனவன், அங்கிருந்து மேஜராக, பனியில் விறைத்துச் செத்த பாதத்தோடு, கைத்தடி ஊன்றி வந்தான்.

"அங்க ஊர் ஊரா கொளுத்துறாங்கன்னு சொல்றாங்களே, நெசமா?" என்று கேட்டேன்.

"நெசம்தான். சில உத்தரவுல என் கையெழுத்தும் இருக்கு, எர்னா."

அன்று அவனுக்குக் காபி கொடுக்காமலே அனுப்பினேன். அதற்காக இன்றைக்கும் எனக்கு வருத்தம் இல்லை.

நாற்பத்தைந்தாம் வருஷ வசந்தத்தில் அமெரிக்க டாங்கிகள் மலைக்கு அந்தப்பக்கம் உறுமிக்கொண்டிருந்தன. எங்கள் ஊரைக் காக்கும் பொறுப்பை மேஜரிடம் கொடுத்திருந்தார்கள். ஆளுங்கட்சியின் ஊர்த் தலைவன் கிராய்ட்லர், பீப்பாய் வியாபாரி, பாலத்தில் டாங்கித் தடுப்பு கட்டியே தீரவேண்டும் என்று குதித்தான். பழைய களஞ்சியத்தைப் பிரித்து உத்தரங்களை எடுத்தார்கள். போதாதென்று எங்கள் வீட்டு விறகையும் வாரிக்கொண்டு போய் அடுக்கினார்கள். அதன் பின்னால் கிழவர்களைத் துப்பாக்கியோடு நிறுத்தினார்கள். அந்தத் தடுப்பு நின்றால் டாங்கிகள் நின்று சுடும், ஊர் தரைமட்டமாகும். இது எங்கள் கோழிக்குக்கூடத் தெரியும்.

எங்கள் ஊர் ரொட்டி அடுப்பு பொது அடுப்பு. சனிக்கிழமை காலையில் பெண்கள் கூடிச் சீட்டெடுத்து முறை பிரித்துக்கொள்வோம். முதல் முறை விழுந்தவள் பாடு திண்டாட்டம்தான். ஆறிக் கிடக்கும் கல்லடுப்பை அவள் விறகில்தான் சூடேற்ற வேண்டும், பின்னால் வருகிறவர்களுக்குச் சுள்ளியே போதும். அந்தச் சனிக்கிழமை மாவு பொங்கி நின்றது, விறகுதான் இல்லை. அப்போது கோட்லீப் தடியை ஊன்றிக்கொண்டு அடுப்பு வீட்டுக்குள் வந்தான். ஆண்கள் அங்கே கால் வைப்பதே இல்லை.

"என்ன மேஜரய்யா, மாவு பிசையப் பழக வந்தீங்களா?" என்று பல்லில்லாத ரிக்கே கிழவி கிண்டலடித்தாள்.

"ஹேகலே வீட்டுக்கும் இந்த அடுப்புல முறை உண்டில்ல?"

"உண்டு. சுடறதுக்குத்தான் உனக்கு ஒருத்தி வாய்க்கலையே" என்றேன் நான்.

"அப்ப சீட்டே வேண்டாம். முதல் முறையை நான் எடுத்துக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. முதல் முறையைக் கேட்டு வாங்கிய பைத்தியம் எங்கள் ஊரில் அதுவரை பிறக்கவில்லை.

"விறகு?" என்றேன்.

"பாலத்துல அடுக்கி வச்சிருக்கேன். எல்லாம் நல்லாக் காஞ்ச கட்டை. வண்டியை இழுத்துட்டு வாங்க."

நான் அவன் கையைப் பிடித்தேன். "கோட்லீப், உன்னைக் கொன்னுடுவாங்கடா!"

"சொன்ன பேச்சு கேட்டு ஆல்பர்ட்டைச் சாகடிச்சேன். சொன்ன பேச்சு கேட்டு ரஷ்யாவுலயும் ஊர்களை அழிச்சேன். இனிமே கேக்கறதா இல்ல. ரம்பம் இருக்கறவங்க ரம்பத்தையும் எடுத்துக்கங்க."

பாலத்தில் நின்ற கிழவர்களை வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொன்னான். நாங்கள் அறுத்தோம், இழுத்தோம், அடுப்பில் திணித்தோம். நண்பகலுக்குள் பாலம் வெறிச்சென்று ஆகிவிட்டது. நெருப்பு தணிந்து கல் நன்றாகச் சுட்டதும், தணலை ஒரு பக்கம் ஒதுக்கி ரொட்டியை உள்ளே தள்ளினோம். அந்த நேரம் பார்த்து கிராய்ட்லர் ராணுவப் போலீஸ்காரர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"தடுப்பு எங்கய்யா?"

"அடுப்புல" என்றான் கோட்லீப்.

"யாரு உத்தரவு?"

"என் உத்தரவு. என் முறை, என் விறகு. பொம்பளைங்களுக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்ல."

கிராய்ட்லர் என் பக்கம் திரும்பி, "அணைடி அதை!" என்று கத்தினான்.

"ரொட்டி வேகுது. தைரியம் இருந்தா நீயே உள்ள தலையை விட்டு அணைச்சுக்க" என்று தணல் வாரும் கம்பியை நீட்டினேன். அவன் கிட்டே வரவில்லை.

கோட்லீப்பை வெளிச்சுவரோடு நிறுத்தினார்கள். குறுக்கே ஓடிய என்னை ஒருத்தன் துப்பாக்கிக் கட்டையால் இடித்துத் தள்ளினான்.

"எர்னா, உள்ள போ. ரொட்டியைக் கருக விட்டுடாதே" என்றான் கோட்லீப். மண்ணில் கிடந்த என்னைப் பார்த்துத்தான் சொன்னான்.

சுட்டார்கள். நான் அழுதேன். துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். அழுதுகொண்டே ரொட்டியை வெளியே எடுத்தேன், ஒன்றுகூடக் கருகவில்லை. சாயங்காலம் டாங்கிகள் பாலத்தைத் தாண்டி வந்தன. ஒரு ஜன்னல் கண்ணாடிகூட உடையவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் அடுப்பில் முதல் முறைக்குச் சீட்டு கிடையாது. அது மேஜருடையது. அவன் பேரில் வீட்டுக்கு ஒரு கட்டை வந்தாக வேண்டும். ரஷ்யாவில் கையெழுத்துப் போட்டவனுக்கு இந்த மரியாதையா என்று பாதிரியார் கேட்டார். அந்தக் கையெழுத்தை நாங்கள் அழிக்கவில்லை, கட்டையைக் கொண்டுவாருங்கள் என்றேன்.

அமெரிக்கர்கள் பிடித்துப் போட்ட சிறை முகாமிலிருந்து கிராய்ட்லரும் ஒருநாள் திரும்பி வந்தான். பெண்டாட்டி படுத்த படுக்கை. அந்தச் சனிக்கிழமை அவனே அவன் வீட்டுக் கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். நான் கட்டையை வாங்கித் தட்டிப் பார்த்தேன்.

"ஈரமா இருக்கு. மேஜர் கொடுத்தது காஞ்ச கட்டை. போய் வேற கொண்டா."

போனான். காய்ந்த கட்டையோடு திரும்பி வந்தான்.