அக்காவின் உரலில் தகரம்

இன்று மானம் போயிற்று.

பழைய மோட்டார் சைக்கிளின் முன்விளக்குக்குத் தகரத்தில் கிண்ணம் செய்ய வேண்டியிருந்தது. தகரம் வளைக்கிற மெஷின் எங்கள் ஊர் புளியங்கூடலில் யாரிடம் இருக்கிறது? குழிவான மரம் போதுமே என்று, பக்கத்து வீட்டு அக்காவிடம் "மா இடிக்க" என்று பொய் சொல்லி உரலை உருட்டி வந்தேன்.

மரச்சுத்தியலால் தகரத்தை உரலுக்குள் தட்டிக்கொண்டிருக்கையில், அக்கா ஊறப்போட்ட அரிசியோடு வந்து நின்றார்.

"இடிக்கிற சத்தம் கேட்டது தம்பி. என்ர அரிசியையும் ஒருக்காப் போடுமன்."

எட்டிப் பார்த்தார். தகரம். மரத்தில் புதுக் கீறல்கள்.

"கேட்டிருந்தா இதுக்கும் தந்திருப்பன்தானே?"

அரிசிச் சட்டியை என் முன்னால் வைத்தார். "உரலைக் கழுவிப்போட்டு, இடியப்பத்துக்கு இதை இடிச்சுக்கொண்டு வாரும்."

கிண்ணம் அழகாகத்தான் வந்திருக்கிறது. இங்கே அதன் படம் போட முகமில்லை.

பொய் சொன்னபடியே இப்போது மா இடித்துக்கொண்டிருக்கிறேன். இடியப்பத்துக்கு எந்தப் பதம் என்று யாராவது சொல்லுங்கள். அக்காவிடம் கேட்க ஏலாது.