அவருக்குப் பதிலாக நான் நிற்கிறேன்

போன வாரம் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் என் தங்கையின் மாமனார் காணாமல் போனார். நாயுடுபேட்டை பஸ் எப்போது என்று அவள் விசாரித்துவிட்டுத் திரும்புவதற்குள் பெஞ்ச் காலி.

மறதி நோய்க்காரர். பெயர் சொல்வார், ஊர் சொல்லத் தெரியாது.

தங்கை போன் செய்ய, ஓடினேன். இருவரும் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனோம்.

"ஷுகர் இருக்குதுங்க. வேளைக்குத் துன்னலன்னா மயங்கிடுவாரு," என்றாள் எஸ்.ஐ.யிடம்.

எஸ்.ஐ. இளம்பெண். தமிழ்நாட்டு எல்லையிலுள்ள நகரி ஊர்க்காரர். எங்கள் தமிழைக் கேட்டதும் தமிழிலேயே பேசினார்.

"ஸ்டாண்டு பூரா கேமரா இருக்குது. பார்த்தா எங்க போனார்னு தெரிஞ்சிடும். ஆனா அதைப் பார்க்கிற கான்ஸ்டபிள் பந்தோபஸ்துக்குப் போயிருக்காரு."

மலைக்கு ஒரு விஐபி வருகிறாராம். ரோட்டோரம் கயிறு பிடிக்க ஆள் வேண்டுமாம்.

"வேற யாருக்கும் பார்க்கத் தெரியாதா மேடம்?"

"ட்ரெய்னிங் அவருக்கு மட்டும்தான் குடுத்தாங்க."

என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தேன். இந்த வெயிலில் எங்கே போய்க்கொண்டிருப்பார்... ரயில் பாதைப் பக்கமா?

எஸ்.ஐ. இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார். தெலுங்கில் கெஞ்சினார். அங்கே தலைக்கணக்கு குறையக் கூடாதாம். உடனே எஸ்.ஐ. சொன்னார்: "அயித்தே ஆயன பதுலு நேனு நில்சுண்டா சார்."

அப்படியென்றால் அவருக்குப் பதிலாக நான் நிற்கிறேன் என்று! தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பியும் விட்டார்.

கொஞ்ச நேரத்தில் கான்ஸ்டபிள் பைக்கில் வந்து இறங்கினார். சட்டையெல்லாம் வியர்வை. தண்ணீர்கூடக் குடிக்காமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். ஸ்டாண்டின் ஒவ்வொரு வாசலாகத் தேடினார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்தோம்.

"இவரா பாருங்கம்மா. ரேணிகுண்டா பஸ்ல ஏறிக்கினு இருக்காரு."

அவர்தான். ரேணிகுண்டாவுக்குத் தகவல் போயிற்று. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, போலீஸ்காரர் ஒருவர் வாங்கிக் கொடுத்த இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் பெரியவர்.

"எங்கம்மா போய்ட்ட நீ? எங்கெல்லாம் தேடறது?" என்று மருமகளைக் கடிந்துகொண்டார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை. போலீஸ் திருந்த வேண்டும் என்கிறோம். யார் திருந்த வேண்டும்? அந்தக் கான்ஸ்டபிளுக்கு வேலை தெரியும். எஸ்.ஐ.க்கு அக்கறை இருக்கிறது. கேமராவும் இருக்கிறது. பழக்கிய ஆளை அவன் பழகிய வேலையில் விட்டுவைக்க மட்டும் டிபார்ட்மென்டுக்கு மனமில்லை. ஒருவருக்கு மேல் பழக்கவும் தோன்றவில்லை. வேறொரு எஸ்.ஐ. இருந்திருந்தால்?

எங்களுக்கு அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பியா ஸ்டேஷன் படி ஏறுவது?