அப்பாவின் டிராக்டரில் நான் வைத்த லிப்ட்

விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியை மூடியபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. களிமண் குழம்பைப் பிழிந்து தண்ணீரை வடிக்கும் பிரஸ்ஸில் இருந்தேன். ஆயில் அழுத்தத்தில் ஓடும் மிஷின் அது. வேறு கம்பெனி வாசலில் போய் நிற்கப் பிடிக்காமல், மங்கலம்பேட்டை ரோட்டை ஒட்டிய எங்கள் நிலத்துக்கே திரும்பினேன். அங்கே கொட்டகையில் அப்பா விட்டுப்போன டிராக்டர் நின்றது. அப்பா போன பிறகு ஆர்சி புக்கை அண்ணன் பெயருக்கு மாற்றியிருந்தோம். மூத்தவர் பெயரில் இருக்கட்டும் என்று நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். அண்ணனுக்கு டவுனில் உரக்கடை. வயலில் இறங்கி வருஷக்கணக்காகியிருந்தது.

"நீயே வச்சி ஓட்டிக்கடா, எனக்கு எதுக்கு அது?" என்றார். நம்பினேன்.

எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. லிப்ட்தான் பிரச்சினை. பின்னால் மாட்டும் கலப்பையைத் தூக்கிப் பிடிக்கும் இரண்டு கைகளும் அந்தக் காலத்துக் கலப்பைக்குச் செய்தவை. இப்போது எல்லோரும் கேட்பது சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர். அதன் கனத்துக்கு அந்தக் கைகள் முழங்கால் உயரம்கூட எழவில்லை. வரப்பு முனையில் திருப்பினால் ரோட்டவேட்டர் மண்ணிலேயே இழுபடும். வாடகைக்குக் கூப்பிட்டவர்கள் மறுபடி கூப்பிடவில்லை.

பிஸ்டன் ரிங், சீல் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். கொஞ்சம் தேறியது, போதவில்லை. உள்ளே இருக்கும் சிலிண்டருக்குத் துணையாக வெளியே இன்னொன்று வைக்கலாம் என்று தோன்றியது. பழைய இரும்புக் கடையில் தோதான ஒன்று கிடைத்தது. அதன் அடியைப் பின் அச்சில் ஒரு பிராக்கெட் வைத்துப் பிடித்து, தலையை லிப்ட் கையோடு பூட்டினேன். உள் சிலிண்டருக்குப் போகும் ஆயிலிலிருந்தே ஒரு ஹோஸ் பிரித்து இதற்கும் கொடுத்தேன்.

முதல் தடவை வெல்டிங் விட்டு, பிராக்கெட் பிய்த்துக்கொண்டு வந்தது. ஹோஸ் தெறித்து முகமெல்லாம் ஆயில். சீட்டில் உட்கார்ந்து லிவரைப் பிடித்திருந்த என் மனைவி குதித்து இறங்கி வந்து முந்தானையால் என் கண்ணைத் துடைத்தாள்.

"கண்ணு தெரியுதாங்க? இந்த வேலையே வேணாங்க, வுட்டுடுங்க."

விடவில்லை. தடித்த தகடு வாங்கி, வெல்டிங்கை நம்பாமல் போல்ட் போட்டு இறுக்கினேன். ஆயில் இரண்டு பக்கமும் பிரிந்து போவதால் லிப்ட் மெதுவாகத்தான் ஏறியது. ஆனால் ஏறியது. ரோட்டவேட்டர் இடுப்பு உயரத்துக்கு எழுந்து அப்படியே நின்றபோது, "தூக்கிடுச்சுங்க!" என்று அவள் போட்ட சத்தம் ரோடு வரை கேட்டிருக்கும். அந்தச் சாகுபடிப் பட்டம் முழுக்க எங்களுக்கு ஓயாத ஓட்டம்.

அடுத்த பட்டம் தொடங்கும் நேரத்தில் அண்ணன் ஒருவரைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். புதுச்சேரிப் பக்கம் ரிசார்ட் வைத்திருக்கிறாராம். புல்வெளியில் நிறுத்தி வைக்க ஒரு பழைய டிராக்டர் வேண்டுமாம். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதற்கு. அவர் சுற்றிவந்து பின்னால் குனிந்தார்.

"இது கம்பெனியில வந்தது இல்லையே? இத எடுத்துடணும். ஒரிஜினலா இருந்தாத்தான் அழகு."

"எடுத்துடலாம் சார். தம்பிதான் மாட்டுனான், அவனே கழட்டிடுவான்" என்றார் அண்ணன்.

வண்டியை விற்கப்போகிறார் என்பதே எனக்கு அப்போதுதான் விளங்கியது. "அண்ணே, இது இல்லன்னா ரோட்டவேட்டர தூக்காது" என்றேன்.

வந்தவர் சிரித்தார். "புல்லுல நிக்கப்போற வண்டிக்கு ரோட்டவேட்டரு எதுக்குங்க?"

அண்ணனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "நீதானே ஓட்டிக்கன்னு சொன்ன?"

"ஓட்டிக்கன்னுதான்டா சொன்னேன். உனக்குன்னு எழுதியா குடுத்தேன்?"

"மாமா, இந்தப் பட்டமாவது முடியட்டும்" என்றாள் என் மனைவி.

"இது அண்ணன் தம்பி பேச்சு. நீ வூட்டுக்குள்ள போம்மா." அவள் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் அண்ணன் கேஸ் கட்டிங் ஆளோடு வந்து நின்றார். அச்சை ஒட்டி நெருப்பு வைத்தால் வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. ஸ்பேனரை எடுத்து நானே ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினேன். ஹோஸ் எடுத்த துளையை அடைத்தேன். அண்ணன் என் தோளைத் தட்டி, "எந்தம்பி தங்கம்" என்றார். பணிந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் வண்டி லாரியில் ஏறிப் போய்விட்டது.

இப்போது ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் ஒருவரின் டிராக்டரைக் கூலிக்கு ஓட்டுகிறேன். போன தை மாதம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் அண்ணன் செல்போனில் அந்த டிராக்டரின் போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தார். பளபளவென்று சிவப்புப் பெயிண்ட் அடித்து, சுற்றிலும் பூச்செடி வைத்திருந்தார்கள்.

"அப்பா பேர் நிக்குது பாரு" என்று என்னிடமும் நீட்டினார். "புள்ளைங்க கைய வச்சி நசுக்கிக்கும்னு லிப்ட அசையாம வெல்டு வச்சிட்டாங்களாம்."

பந்தி போட்டிருந்தார்கள். நான் சாப்பிடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். மனைவி அண்ணன் வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தாள். அவளால் முடிகிறது.