பழகிவிடும் என்று சொல்லிவிட்டேன்

அமெரிக்காவில் படிக்கும் மகள் இன்று வீடியோவில் அழைத்தாள்.

அவளுடைய அறைத்தோழி யூத மாணவர் சங்கத் தலைவி. வேதவசனம் வைத்த சிறு குழலைக் கதவு நிலையில் மாட்டியிருந்தாள். கல்லூரியில் போராட்டங்கள் நடக்கும் இந்த நேரத்தில் யாரோ அதைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்கள்.

"திரும்ப மாட்டவா, உள்ளேயே வெச்சுக்கவான்னு யோசிக்கிறாம்மா. நீ அங்க சவூதியில, கோபார்ல, சாமி படத்தை அலமாரிக்குள்ளதானே வெச்சிருக்க? கஷ்டமா இல்லையா?"

"பழகிடும்னு சொல்லு."

மகள் பக்கத்திலிருந்த அவளிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். திரையில் அந்தப் பெண் மறுப்பாகத் தலையை ஆட்டினாள்.

"அவ பழகிட்டா, அவளைப் பார்த்து மத்த பிள்ளைங்களும் கழட்டிடுவாங்களாம். மறுபடி மாட்டப் போறாளாம்மா."

அந்த முகம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன்.

"மெதுவாப் பேசு, பக்கத்து ஃபிளாட்டுக்குக் கேட்கும்" என்றார்.

நீங்களாக இருந்தால் அவளுக்கு என்ன சொல்லியிருப்பீர்கள்? மெதுவாகவே சொல்லுங்கள்.