வேளச்சேரி ள, மயிலாப்பூர் ல

“மேடம், ரிலீப்புன்னா இன்னா?” என்று தேவானை அக்கா கேட்டார்.

அலுவலகப் பேன்ட்ரியில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். நான் காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னேன்.

“நிவாரணம்க்கா. வெள்ளம் வந்தா குடுப்பாங்களே, அது.”

“ஜவஹர் சாரு ஒரு பேப்பர் குடுத்துகீறாரு. இங்கிலீஷ்ல கீது. ரிலீப் லெட்டராம். கையெழுத்து போட்டா போதுமாம்.”

“போன மாசம் மழை பேஞ்சு உங்க பக்கமெல்லாம் தண்ணி வந்ததே, அதுக்கா இருக்கும்.”

“போட்டோ எடுக்கலயே மேடம்.”

“எதுக்கு போட்டோ?”

“இன்னா இப்டி கேக்குறீங்க? ஒரு பெட்ஷீட்டு குடுத்தாக்கூட அவன் ஒரு முனை, நான் ஒரு முனை புட்ச்சிக்கினு சிரிச்சாதான் கைக்கு வரும். போட்டோ இல்லாத ரிலீப்ப எங்கனா பாத்துகீறீங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. “காட்டுங்க, பார்க்கறேன்” என்று கையை நீட்டினேன். அவர் காகிதத்தை நான்காக மடித்து யூனிஃபார்ம் பைக்குள் செருகிக்கொண்டார்.

“வேணாம். நீங்களும் ஆபீஸ் ஆளுதானே.”

தரமணியில் இருக்கும் ஒரு பயிற்சி நிறுவனத்தில் ஆங்கிலப் பாடங்களைத் தமிழில் எழுதுவது என் வேலை. தேவானை அக்காவுக்கு அங்கே ஹவுஸ்கீப்பிங் வேலை. சம்பளம் தருவது நிறுவனம் அல்ல, ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர். ஜவஹர் அந்த ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர்.

தேவானை அக்கா எதையும் நம்பமாட்டார். பால் பாக்கெட்டை இரண்டு முறை முகர்ந்து பார்ப்பார். மாடியில் யாருக்காவது கேக் வெட்டினால், “யார தூக்கிட்டானுங்க?” என்றுதான் முதலில் கேட்பார். அந்த ஆண்டு எங்கள் அலுவலகத்தில் அவர் கேட்டது பாதி நாள் சரியாகவே இருந்தது. மொழிபெயர்ப்பை இனி இயந்திரமே செய்துவிடும் என்று பேச்சு அடிபட்டதிலிருந்து நானும் கேக்கைக் கண்டால் பயந்தேன்.

அடையாற்றங்கரையில் பிறந்தவர் அவர். டோக்கன் என்று சொல்லி யாரோ நீட்டிய காகிதத்தில் ஒருநாள் கைநாட்டு வைத்தார். வீட்டைக் காலி செய்யச் சம்மதம் என்று அதில் எழுதியிருந்தது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. அரசு மாற்று வீடு கொடுத்த பெரும்பாக்கத்துக்குக் குடிபோன முதல் வாரம் பஸ் மாறி ஏறி, தாம்பரத்தில் போய் இறங்கினார். அப்போது பார்த்துவந்த வேலை அன்றோடு போனது. முப்பத்தேழு வயதில் பஸ் போர்டுகளைப் பார்த்து எழுத்துக் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். அதனால் அவருடைய எழுத்துகளுக்கெல்லாம் ஊர் உண்டு. த என்றால் தரமணி த. ஈ என்றால் ஈக்காட்டுத்தாங்கல் ஈ. மகள் கயல் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இந்த வேலை இருந்தால்தான் அவள் மூன்றாம் ஆண்டு போக முடியும்.

பேன்ட்ரியில் பேசி இரண்டு நாள் கழித்து ஜவஹர் என் இருக்கைக்கு வந்தார்.

“மேடம், அந்த தேவானை தமிழ்ல குடுத்தாதான் படிச்சிட்டு போடுவேன்னு அடம் புடிக்குது. நாலு வரிதான். தமிழ்ல அடிச்சிக் குடுங்களேன்.”

வாங்கிப் பார்த்தேன். தலைப்பில் ‘ரிலீவிங் லெட்டர்’ என்று இருந்தது. என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு விலகுகிறேன் என்பது விஷயம்.

“அவங்க இதை ரிலீஃப்னு நெனைச்சிட்டிருக்காங்க சார்.”

“அப்டியே இருக்கட்டுமே மேடம். நிவாரணம்னு நீங்கதான் சொன்னீங்களாமே? அதக் கேட்டுதான் நாலு பேரு போட்டாங்க. தலைப்புல அதையே போட்டுருங்க.”

அவர் முதலிலேயே வேண்டுமென்று ‘ரிலீப்’ என்று சொன்னாரா, அவர்கள் காதில் அப்படி விழுந்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் வாதாடவில்லை. விலகுகிறேன் என்று உள்ளபடியே அடித்துக் கொடுத்தேன். பிறகு பேன்ட்ரிக்குப் போய், “அக்கா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு” என்றேன்.

“எது தப்புன்னு நானே பாத்துக்குறேன்” என்று அவர் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஜவஹர் அவரை மீட்டிங் அறைக்கு வரச் சொன்னார். ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட நான்கு பெண்களும் நானும் கதவோரம் நின்றோம். தேவானை அக்கா காகிதத்தை மேஜையில் விரித்து, விரல் வைத்துப் படித்தார்.

“என்... சொந்த... விருப்பத்தின்... பேரில்... வேலையை விட்டு... வி... விளக்குகிறேன்.”

“பாத்திரம்தானே? வெளக்கு, வெளக்கு” என்றார் ஜவஹர். “கையெழுத்த போட்டுட்டுப் போய் வெளக்குக்கா.” பெண்கள் சிரித்தார்கள்.

நான் இருமினேன்.

தேவானை அக்காவின் விரல் அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் போயிற்று. “இது வேளச்சேரி ள இல்ல. மயிலாப்பூர் ல. க்கு இல்ல, கு. வி-ல-கு-கி-றேன்.” நிமிர்ந்தார். “யாரு வெலகுறது?”

சிரிப்பு நின்றது.

“சும்மா ஃபார்மாலிட்டிக்கா. புது கான்ட்ராக்ட் வருது. அவங்களே உன்ன எடுத்துப்பாங்க.”

“அத்த எழுதிக் குடு நைனா.”

“அதெல்லாம் எழுத முடியாது.”

பேனாவை வாங்கினார். கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் நிதானமாக, ‘நானா போவல. தேவானை’ என்று எழுதினார். ஜவஹர் அதைப் படித்துவிட்டு, “இது தமிழே இல்ல” என்றார். மொழிபெயர்ப்பாளர் சொல்லட்டும் என்பதுபோல் அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

புது ஒப்பந்தக்காரர் வந்தபோது, தானாகப் போகிறேன் என்று எழுதித் தராத ஒருவரை வெளியே அனுப்பக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. தேவானை அக்கா இன்றும் அங்கேதான் இருக்கிறார். அந்த நான்கு பேரில் இருவர் இல்லை. நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள். இப்போது யார் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டாலும் காகிதத்தைப் பார்க்காமல் நான் வாய் திறப்பதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, மீட்டிங் அறைக்குள் போவதற்கு முன் மாடிப்படியில் அவர் என்னை நிறுத்தினார்.

“தமிழ்ல அடிச்சது நீங்கதானே? அதுல இன்னா மறைச்சி வச்சிகீறீங்களோ, தெரியாது” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கூட வந்து நில்லுங்க மேடம். எனக்குப் படிச்சிக் காட்டாதீங்க. எனக்காகப் பேசவும் பேசாதீங்க. தப்பா படிச்சேன்னா மட்டும், ஒரே ஒரு தபா இருமுங்க.”